மக்காச்சோளம் தின்ற சாமிக் கிடா

எல்லைக் கருப்புக்கு நேர்ந்துவிட்ட செம்மறிக் கிடா தரையை விட்டு மேலே எழும்பிய அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில், மிச்சமிருந்த முப்பத்தொன்பது ஆடுகளை எந்தப் பக்கம் ஓட்டுவது என்கிற கவலையே மருதாம்பாளின் தலைக்குள் உட்கார்ந்திருந்தது. அதனால் தினைக்குறிச்சி ஊரே அண்ணாந்து பார்த்து நின்றபோது அவள் ஒருத்தி மட்டும் குனிந்து, தரையில் பச்சையாக ஏதாவது தட்டுப்படுகிறதா என்று தேடிக்கொண்டு போனாள்.

"ஏ மருதாம்பா, நீ விட்ட கிடா மேல போவுது பாரு!" என்று யாரோ கத்தினார்கள்.

நிமிர்ந்து பார்த்தாள். கோயில் வேப்பமரத்தின் உச்சிக்குச் சமமாகக் கிடா நின்றுகொண்டிருந்தது. நாலு காலையும் தொங்கப்போட்டிருந்தது. வயிறு ரெண்டு பக்கமும் உப்பியிருந்தது. வாய் மட்டும் நிதானமாக அசைபோட்டது.

"நான்தான் அப்பவே சொன்னேனே, முழுசா போடாதீங்கன்னு" என்றாள் மருதாம்பாள். சொல்லிவிட்டு ஆடுகளை ஏரிப்பக்கம் திருப்பினாள். அங்கேயும் ஒன்றுமில்லை என்பது அவளுக்குத் தெரியும், ஆடுகளுக்கும் தெரியும்.

பெயர்தான் தினைக்குறிச்சியே தவிர, அந்த ஊரில் தினையைக் கண்ணால் கண்டவர் கிடையாது. கிழக்கே மக்காச்சோளம், மேற்கே மக்காச்சோளம், சுடுகாட்டுப் பாதையை அரையாள் அகலத்துக்குக் குறுக்கி அதன் ரெண்டு பக்கமும் மக்காச்சோளம், தை பிறந்தால் தார்ரோட்டின் பாதியில் காயப்போட்ட மக்காச்சோளம், அதைச் சுற்றிக் கல் வைத்திருப்பதால் பஸ் மண்ணில் இறங்கிப் போகும், பஸ்ஸில் இருப்பவர்களும் தினைக்குறிச்சிக்காரர்கள் என்பதால் குலுங்கிக்கொண்டே பேசாமல் இருப்பார்கள். அத்தனை சோளத்தையும் கோழித் தீவனத்துக்கு ஏற்றி அனுப்பிவிட்டு, கடையில் அரிசி வாங்கித் தின்றது ஊர்.

இதில் ஆடு வளர்ப்பவள் பாடுதான் பாடு. வயலில் கிடை போடு, ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு விழட்டும் என்று வெற்றிலை பாக்கோடு கூப்பிட்டவர்கள், யூரியா மூட்டை வந்ததும் அவளைக் கண்டால் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டார்கள். கதிர் ஒடித்த பிறகு சோளக்காட்டில் காய்ந்து நிற்கும் தட்டையைக்கூட மேய விடவில்லை. ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். ஆடு சொட்டுநீர்க் குழாயை மிதித்துவிடும் என்றார் ஒருவர். ஆட்டு எச்சில் பட்ட மண்ணில் அடுத்த வெள்ளாமை கூசும் என்றார் இன்னொருவர். ஒரு காரணமும் அகப்படாதவர், "வேணாம்னா வேணாம், அதுக்கு மேல என்னா பேச்சு?" என்றார். களைக்கொல்லி அடித்த வரப்புப் புல்லைக் கடித்து ரெண்டு ஆடு செத்தபோது, "பாத்தியா, நல்லதுக்குத்தான சொன்னோம்" என்று எல்லோரும் சேர்ந்து ஆறுதல் சொன்னார்கள்.

கிடா அவள் கொட்டிலில் பிறந்ததுதான். முந்தின வருஷம் மழைக்காலத்தில் நீலநாக்கு நோய் வந்து ஆடுகள் வாய் வீங்கி நுரைதள்ளி விழுந்தபோது, தாயில்லாமல் அவள் மடியிலேயே புட்டிப்பால் குடித்து வளர்ந்த சுருட்டை என்கிற குட்டியைக் காட்டி, "கருப்பா, மத்ததைக் காப்பாத்திக் குடு, இதை உனக்கு விட்டுடுறேன்" என்று வேண்டிக்கொண்டாள். கருப்பு பாதியைக் காப்பாற்றிக் கொடுத்தார். பாதிக்குப் பாதி என்று பேரம் பேசச் சாமியிடம் முடியாது என்பதால் அழுதுகொண்டே சுருட்டையின் கொம்புக்கு மஞ்சள் பூசிக் கோயிலில் விட்டுவிட்டு வந்தாள்.

சாமிக்கு விட்ட கிடாவுக்குத் தினைக்குறிச்சியில் வேலி கிடையாது. எந்தக் காட்டிலும் இறங்கும், எந்த வீட்டு முற்றத்திலும் வாய் வைக்கும், யாரும் கம்பெடுத்து விரட்டக் கூடாது. மாசித் திருவிழாவன்று அதன் முதுகில் மஞ்சள்தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம், பூசாரி அரிவாளை எடுப்பார். சிலுப்பாவிட்டால் மறுபடி ஊற்றுவார்கள். வெட்டுக்கு மட்டுமில்லை, நிலத்தகராறு, பெண் கொடுப்பது, கிணறு வெட்டுவது என்று எதற்கு உத்தரவு கேட்பதாக இருந்தாலும் சாமிக் கிடாவின் முதுகில்தான் தண்ணீர் விழும். அது சிலுப்பியதை மீறி அந்த ஊரில் யாரும் நடந்ததில்லை, சிலுப்பாததை நடத்தியதுமில்லை.

மக்காச்சோளம் போடுகிற வழக்கத்தை ஆரம்பித்து வைத்தவர் ஊராட்சித் தலைவர் பொன்னுரங்கம். ஒருநாள் அவர் களத்தில் சுருட்டை நுழைந்து ஒரு வாய் சோளத்தை அள்ளியது. விரட்ட முடியாத எரிச்சலை மறைக்க அவர், "நல்லாத் தின்னுடா சாமி" என்று ஒரு படி அள்ளிப் போட்டார். அந்த வாரம் அவர் சோளத்துக்கு நல்ல விலை வந்தது. அடுத்த நாள் காலையில் கோயில் வாசலில் பதினோரு பேர் படியோடு நின்றார்கள். அதற்கடுத்த நாள் படி போய்க் கூடை வந்தது. சுயஉதவிக்குழுப் பெண்கள் தாம்பாளத்தில் சோளத்தைக் குவித்து நடுவில் ஊதுபத்தி சொருகி மேளத்தோடு வந்தார்கள். யார் எத்தனை கூடை என்று ஒலிபெருக்கியில் பெயர் படித்தார்கள், பெயர் விட்டுப்போனவர்கள் சண்டைக்கு வந்து இன்னொரு கூடை போட்டார்கள்.

மருதாம்பாள் மட்டும் கூட்டத்துக்குள் புகுந்து கையை நீட்டித் தடுத்தாள். சோளம் ஆட்டுக்கு ஆகாதது இல்லை, அவளே சினை ஆட்டுக்கும் ஈன்ற ஆட்டுக்கும் கொடுப்பவள்தான். ஆனால் அவள் அதை உரலில் இட்டு ரெண்டாக மூன்றாக உடைத்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, சாயங்காலம் ஒரு கை, பழகின பிறகு ரெண்டு கை கொடுப்பாள், அதற்கு மேல் கெஞ்சினாலும் கிடையாது.

"உடைச்சுப் போடுங்க, ஒரு கை போதும். முழுசாப் போட்டா செரிக்காம வயிறு உப்பிக்கும்" என்றாள்.

"சாமி வயித்துக்கு நீ அளவு சொல்றியா?" என்றார் பூசாரி வேம்பையன். கூட்டம் சிரித்தது. சிரித்தவர்களில் ஏழெட்டுப் பேர், முந்தின நாள் அவள் ஆடு தங்கள் வரப்பில் ஒரு வாய் அருகம்புல்லைக் கடித்ததற்குக் கல்லெடுத்து எறிந்தவர்கள். மருதாம்பாளுக்கு வயிறு எரிந்தது. முப்பத்தொன்பது வயிறுகள் ஒட்டிக்கிடக்க ஒரு வயிற்றில் ஊரே கொண்டுவந்து கொட்டியதை அவள் நாற்பது நாள் பார்த்தாள். நாற்பத்தோராம் நாள் செவ்வாய்க்கிழமை, கிடா மேலே போனது.

நல்லவேளை, கழுத்தில் மணிக்கயிறு கிடந்தது. வேம்பையன் மரத்தில் ஏறி அதைப் பிடித்து, கிணற்று நைலான் கயிற்றோடு முடிச்சுப் போட்டு, மறுமுனையைக் கோயில் கல்தூணில் கட்டினார். கிடா கயிற்றின் நீளம் முழுக்க மேலே போய் நின்றுகொண்டது. பத்துமணிக்கெல்லாம் ஊர் வேலைக்குப் போய்விட்டது.

கால்நடை மருத்துவர் வந்தார், கையை நெற்றிக்குக் குடையாக வைத்து மேலே பார்த்தார், "வயிற்று உப்புசம், தீவனத்தில் கவனம் தேவை" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். மின்சாரக்காரர் வந்தார், கம்பிக்கும் கிடாவுக்கும் நடுவில் பன்னிரண்டு அடி இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவரவர் கடமை அவரவருக்கு முடிந்தது. பள்ளிக்கூடத்து மைதானத்தில் கிடாவின் நிழல் கொடிக்கம்பத்தைத் தொட்டால் மதியச் சாப்பாட்டு மணி அடித்தார்கள். ஊருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு, "தூரத்துல ஒரு கிடா தெரியும், அதுக்கு நேரா வாங்க" என்று வழி சொன்னார்கள். ரோட்டில் காய்கிற சோளத்தின்மேல் நிழல் விழுந்து ஈரம் போகமாட்டேன் என்கிறது என்று மேலத்தெருக்காரர்கள் பிராது கொடுத்தார்கள். சாமியின் நிழலையே குறை சொல்கிறார்களே என்று கீழத்தெருக்காரர்கள் காறித்துப்பினார்கள். நிழல் கீழத்தெருப் பக்கம் திரும்பிய அன்று அவர்களும் பிராது கொடுத்தார்கள்.

அதைவிடப் பெரிய சண்டை புழுக்கையில் வந்தது. மேலேயிருந்து விழுந்த புழுக்கை ஒரு பாத்தியில் பட்டு அங்கே கத்தரிச் செடி கருகருவென்று எழும்பியதாக யாரோ சொல்ல, கயிற்றை அவிழ்த்துத் தன் காட்டில் கொண்டுபோய்க் கட்ட ஆளாளுக்குக் கிளம்பிவிட்டார்கள். கடைசியில் பொன்னுரங்கம் பஞ்சாயத்து வைத்து, திங்கள் மேலத்தெரு, செவ்வாய் கோயில், புதன் கீழத்தெரு, வெள்ளி தன் காடு என்று முறை பிரித்து, கயிறு பிடித்து நடப்பவருக்கு ஒரு துண்டும் கட்டிவிட்டார். முப்பத்தொன்பது ஆடு ஒரு ராத்தங்கினால் ஒரு காடு நிறையும் என்று கரடியாகக் கத்தியவளைத் திரும்பிப் பார்க்காதவர்கள், ஒற்றைக் கிடாவுக்குக் கீழே முறத்தை ஏந்திக்கொண்டு வெயிலில் அண்ணாந்து நின்றார்கள்.

திருவிழாவுக்குத்தான் சிக்கல். மேலே நிற்கிற கிடாவின் முதுகில் மஞ்சள்தண்ணீர் எப்படி ஊற்றுவது? படைப்புழுவுக்கு மருந்தடிக்கும் இயந்திரத்தில் மஞ்சளைக் கரைத்து ஊற்றிப் பீச்சியடித்தார்கள். பாதி உயரம்கூடப் போகாமல் அது அடித்தவர் தலையிலேயே திரும்பி விழுந்தது. கிடா கீழே ஒருமுறை பார்த்துவிட்டு அசைபோட்டது. சாமி உத்தரவு தரும்வரை திருவிழா தள்ளிவைக்கப்படுகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில்தான் மருதாம்பாள் கடைசியாக எழுந்து கேட்டாள். ஆடுகள் காகிதத்தைத் தின்ன ஆரம்பித்திருந்தன. முந்தின வாரம் மூன்று சினை ஆடு மாசம் நிறையாமலே குட்டியைக் கீழே போட்டுவிட்டது. வெள்ளிக்கிழமை கறிக்கடை லாரி வருகிறேன் என்று சொல்லியிருந்தது.

"தலைவரே, உங்க காட்டுல தட்டை சும்மாதான நிக்குது. டிராக்டர் விட்டு மடக்கி ஓட்டத்தான போறீங்க. பத்து நாளு மேய விடுங்க. கீழ உதுந்து கிடக்குற கருதை எல்லாம் நானே பொறுக்கி வெச்சுட்டுத்தான் ஆட்டை உள்ள விடுவேன். வெள்ளிக்கெழமை லாரி வந்துரும். ஏத்திட்டா எனக்கு ஒண்ணும் இல்லைங்க" என்றாள். கடைசிச் சொல்லைக் கெஞ்சலாகச் சொல்லிவிட்டாள். அதற்காக அவள் தன்மீதே கோபப்பட்டாள்.

பொன்னுரங்கம் மேலே கையைக் காட்டினார். "நான் யாரு உத்தரவு குடுக்க? அதா நிக்குதே சாமிக் கிடா. அது மேல தண்ணி விழுந்து சிலுப்பட்டும். சிலுப்புன நிமிசம் என் காடு மட்டும் இல்ல, ஊர்க் காடு பூராத்துலயும் உன் ஆட்டை விட்டுக்க."

ஊர் கைதட்டிச் சிரித்தது. வேம்பையன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சாமி சாட்சி" என்று யாரோ சொன்னார்கள், அதற்கும் சிரித்தார்கள்.

"சரிங்க, சாமி சாட்சி" என்றாள் மருதாம்பாள். அவள் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ஆடுகளுக்குக் கடைசியாக முகம் கழுவிவிட்டாள். ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லி, வீட்டிலிருந்த உடைத்த சோளத்தையெல்லாம் ஒரு கை, ஒரு கை என்று கொடுத்தாள். தாடையைத் தடவும்போது அழுதாள், அழுதுகொண்டே உப்பு போதவில்லை என்று போய் எடுத்துவந்தாள். பிறகு ரோட்டடிக்கு ஓட்டிக்கொண்டு வந்து, பொன்னுரங்கத்தின் காட்டு வரப்புக்கு இந்தப் பக்கம் லாரிக்காக நின்றாள். வரப்புக்கு அந்தப் பக்கம் ஆளுயரத் தட்டை காற்றில் உரசிக்கொண்டு நின்றது. ஆடுகள் கழுத்தை நீட்டின. அவள் கம்பைக் குறுக்கே பிடித்துக்கொண்டாள்.

அப்போது வானம் இருட்டியது. மாசியில் மழையா என்று யாரும் கேட்கவில்லை, கேட்க நேரமில்லை, ரோட்டில் காயும் சோளத்தைத் தார்ப்பாய் போட்டு மூட ஊரே ஓடியது. மழை முதலில் கிடாவின் முதுகில்தான் விழுந்தது, ஊரில் எல்லோரையும்விட அதுதானே உயரத்தில் நின்றது. கிடா அசைபோடுவதை நிறுத்தியது. காதை ஒருமுறை ஆட்டியது. பிறகு மூக்கில் தொடங்கிக் கழுத்து, தோள், விலா, தொடை, வால்நுனி வரைக்கும், நாற்பது நாளும் அதற்குப் பிறகும் சிலுப்பாததையெல்லாம் சேர்த்துச் சிலுப்பியது.

சிலுப்பிய சிலுப்பில் மக்காச்சோளம் கொட்டியது. எங்கிருந்து கொட்டியது என்று பார்க்க யாரும் நிற்கவில்லை. முழுசாகப் போனது முழுசாகவே வந்தது, ஒரு மணிகூடச் செரித்திருக்கவில்லை. ஓட்டு வீட்டின்மேல் கொட்டியது, கூரைத் தகட்டின்மேல் சடசடவென்று கொட்டியது, கோயிலின்மேல் கொட்டியது, ஒலிபெருக்கிக் குழாய் நிறைந்து வழிந்தது. தார்ப்பாயை விட்டுவிட்டு ஊரே சாக்கைத் தூக்கிக்கொண்டு ஓடியது. இது என் கூடைச் சோளம், என் சோளத்தின் நிறம் எனக்குத் தெரியாதா என்று மேலத்தெருவும் கீழத்தெருவும் மழையில் கட்டிப் புரண்டன. பெயர் படிக்கும்போது மூன்று கூடை போட்டவர் முப்பது மூட்டை கேட்டார். ஈரத்தோடு அள்ளிக் கட்டிய அந்த மூட்டைகளெல்லாம் நாலாம் நாள் வீட்டுக்குள் முளைவிட்டு நாறின.

சோளம் கொட்டக் கொட்ட கிடா கீழே இறங்கியது. கயிறு தொய்ந்தது. பழைய மெலிந்த சுருட்டையாக அது பொன்னுரங்கத்தின் காட்டில் வரப்பை ஒட்டிக் கால் ஊன்றி நின்று, தலையைத் தாழ்த்தி, தட்டையைக் கடித்து இழுத்தது. மருதாம்பாள் நாக்கை மடக்கி ஒரு சத்தம் கொடுத்தாள். அது காதைத் திருப்பியது. அவள் கம்பை எடுத்துவிட்டாள்.

முதல் ஆடு வரப்பில் கால் வைத்தபோது பொன்னுரங்கம் ஓடி வந்துவிட்டார். தோளில் பாதி நிறைந்த சாக்கு. பின்னால் வேம்பையன், ஒரு கையில் மஞ்சள்தண்ணிக் குடம், ஒரு கையில் அரிவாள், அவருக்குப் பின்னால் நனைந்துபோன பாதி ஊர்.

"நிறுத்து! ஆட்டை நிறுத்து!" என்றார் பொன்னுரங்கம்.

"கிடா சிலுப்பிருச்சுங்க. சாமி சாட்சின்னீங்க."

"அது மழைக்குச் சிலுப்புனது. மழைத்தண்ணி உத்தரவுல சேராது. மஞ்சத்தண்ணி ஊத்திச் சிலுப்பணும், அதான் முறை. ஊத்துங்க பூசாரி. வெட்டுக்கும் இதுக்கும் சேத்தே கேட்டுருவோம்."

மருதாம்பாள் கம்பை மறுபடி குறுக்கே நீட்டி ஆடுகளை நிறுத்தினாள். சிலுப்பினால் சுருட்டையின் தலை போகும், சிலுப்பாவிட்டால் மற்ற முப்பத்தொன்பதும் லாரி ஏறும். கருப்பா, உனக்குக் கண்ணில்லையா என்று வாய்விட்டே சொன்னாள்.

வேம்பையன் குடத்தைக் கவிழ்த்தார், பக்கத்தில் வரப்பில் நின்ற பொன்னுரங்கத்தின் மேலும் தெறித்தது. கிடா தட்டையைக் கடித்தது. ரெண்டாம் குடம் வந்தது. கிடா அடுத்த தட்டைக்கு நகர்ந்தது. மூன்றாம் குடத்துத் தண்ணீர் கொம்பில் விழுந்து கண்வழியாக வழிந்தும் அது கண்ணைச் சிமிட்டியதோடு சரி. சிலுப்ப வேண்டியதை அது ஏற்கெனவே சிலுப்பி முடித்திருந்தது.

அப்போது ஏரிப்பக்கமிருந்து ஈரக்காற்று ஒன்று வந்தது. தலையிலிருந்து கால்வரை நனைந்து நின்ற பொன்னுரங்கம், தன்னை அறியாமல், காதுக்குள் போன தண்ணீர் தெறிக்கத் தலையை உதறி, தோளைக் குலுக்கி, வேட்டி நுனிவரை ஒரு நடுக்கம் ஓட, நன்றாகச் சிலுப்பினார்.

பழக்க தோஷத்தில் வேம்பையனின் அரிவாள் கை தானாகப் பாதி உயர்ந்துவிட்டது.

மருதாம்பாள் பொன்னுரங்கத்தை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள். கிடாவை அப்படித்தான் பார்ப்பாள், கண் தெளிவா, பல் சரியா என்று.

"பூசாரி, கிடா சிலுப்பலைங்க" என்றாள். "தலைவரு சிலுப்பிட்டாரு. மஞ்சத்தண்ணி மூணு கொடமும் அவரு மேலயும்தான் தெறிச்சுது, எல்லாரும் பாத்தீங்க. எதுக்கு உத்தரவு ஆயிருக்குது, வெட்டுக்கா, மேய்ச்சலுக்கா? நீங்களே சொல்லுங்க."

பொன்னுரங்கத்தின் கை சாக்கை விட்டுவிட்டு மெல்லத் தன் கழுத்துக்குப் போனது. அவர் அரிவாளைப் பார்த்தார். பூசாரி அரிவாளைப் பார்த்தார். பின்னால் நின்றவர்கள், குளிர்ந்தாலும் பரவாயில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு மயிர்கூட ஆடாமல் விறைத்து நின்றார்கள்.

"மேய்ச்சலுக்குத்தான்" என்றார் பொன்னுரங்கம். குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "விட்டுக்க தாயி. ஊர்க் காடு பூராவும் விட்டுக்க."

அவர் வரப்பிலிருந்து இறங்கி வழிவிட்டார். முப்பத்தொன்பது ஆடும் அவரை உரசிக்கொண்டு உள்ளே போயின. கறிக்கடை லாரி வந்து, ஒலிப்பானை மூன்று தடவை அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

சுருட்டையை அதற்குப் பிறகு எத்தனையோ மாசியில் கேட்டுப் பார்த்துவிட்டார்கள், அது சிலுப்பவே இல்லை. சாயங்காலமானால் மருதாம்பாள் கையிலிருந்து உடைத்த சோளம் ஒரு கை, ஒரு சிட்டிகை உப்போடு, தின்றுவிட்டு மற்ற ஆடுகளோடு படுத்துக்கொள்கிறது. தினைக்குறிச்சி ஆண்கள் இன்றைக்கும் மழையில் நனைந்தால் தலையை உதறுவதில்லை, துவட்டுவதில்லை, சொட்டச் சொட்ட மரம்போல நடந்தே வீடு போய்ச் சேருகிறார்கள். போகிற வழியில் ஏதாவது ஒரு காட்டில் அவள் ஆடு மேய்த்துக்கொண்டிருப்பாள், தலையை நிமிர்த்திப் பார்ப்பாள்.